சம்பந்தி வீட்டுப் பாட்டனாருக்குச் சீட்டு விழுந்ததா?

வீட்டுக்கு ஒரு வம்சாவளி நோட்டு எழுதி வையுங்கள் என்று இந்தப் பகுதியில் முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுத் திருச்சியிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அவருடைய பெண் இங்கிலாந்தில் வெள்ளைக்காரப் பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடித்தனம் செய்கிறாள். பேரன் பிறந்தாயிற்று. "நம் பக்கத்து வம்சாவளியை என் மாமனார் எழுதி வைத்த நோட்டைப் பார்த்து அனுப்பிவிட்டேன். சம்பந்தி அம்மாள் பக்கம்தான் ஏழு தலைமுறைக்கு மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது. அவங்களுக்கு எழுபத்தைந்து வயசு, கண்ணிலே புரை. என் பெண்தான் கூட உட்கார்ந்து தேடுகிறாள்" என்று எழுதுகிறார்.

முட்டிக்கொண்டு நிற்கிற இடம் எது தெரியுமா? ஒரு பாட்டியின் கல்யாணம். 1790-களில் ஊர்ச் சர்ச்சில் அந்தப் பாட்டியின் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது பதிவேட்டில் இருக்கிறது. கல்யாணம் மட்டும் இல்லை. அதனால் அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு கிசுகிசு. அவளுக்கு முறையாகக் கல்யாணமே ஆகவில்லையாம், எங்கிருந்தோ வந்தவளாம்! பாட்டனாரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் "மிலிஷியாவுக்குப் போனார்" என்ற ஒரே ஒரு வார்த்தை. சம்பந்தி அம்மாளுக்கோ, தான் கண்ணை மூடுவதற்குள் அந்தப் பாட்டியின் பேரில் உள்ள பழியைத் துடைத்துவிட வேண்டும் என்று ஆசை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவளுக்காக இப்படிப் பதறுகிற மனசு எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. பெரம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் தங்கள் பாட்டனாரைத் தேடியபோது கூடவே உட்கார்ந்து பார்த்தவள் நான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தின எனக்கு, அந்த ஊர்ப் பழைய கையெழுத்தைப் படிக்கக் கற்றுக் கொடுத்ததும் அந்த வீட்டு அம்மாள்தான்.

முதலில் மிலிஷியா என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது முழு நேரப் பட்டாளம் இல்லை. ஊரில் ஏர் ஓட்டுகிறவன், செருப்புத் தைக்கிறவன், ரொட்டி சுடுகிறவன் எல்லாரையும் முறை வைத்துப் பிடித்துப் பயிற்சி கொடுத்து, எதிரி வந்தால் உள்நாட்டைக் காக்க நிறுத்தி வைக்கிற படை. ரொம்பப் பழைய ஏற்பாடுதான். 1608-லேயே கிளஸ்டர்ஷயரில் ஆயுதம் தூக்கத் தகுந்த ஆண்களை ஊர் ஊராக, தொழிலோடும் உடல்வாகோடும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் சம்பந்தி அம்மாளுக்கு வேண்டியது 1757-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு உள்ள காகிதங்கள். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து சுமார் 32,000 பேர் வேண்டும், ஒவ்வொரு கவுண்டியும் இவ்வளவு ஆள் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் போட்டது. கவுண்டி என்பது நம்ம ஜில்லா மாதிரி.

ஆளை எப்படிப் பொறுக்குவது? அந்த ஊர்க் கான்ஸ்டபிள், நம்ம பழைய தலையாரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன், வீடு வீடாகப் போய் 18 முதல் 50 வயசு வரை உள்ள ஆம்பிளைகள் பெயரையெல்லாம் எழுத வேண்டும். 1762-லிருந்து 45 வயசு வரை எழுதினால் போதும் என்று ஆயிற்று. எழுதினதை ஞாயிற்றுக்கிழமை சர்ச் கதவிலே ஒட்டுவார்கள். ஆட்சேபணை உள்ளவன் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். அதன்பிறகு சீட்டுக் குலுக்கல். யார் பெயர் விழுகிறதோ அவன் மூன்று வருஷம் போக வேண்டும். 1786-க்குப் பிறகு ஐந்து வருஷம்.

வம்சாவளி தேடுகிறவர்களுக்குப் பொக்கிஷம் இந்தப் பட்டியல்தான். ஏனென்றால் இங்கிலாந்தில் நாடு முழுக்கப் பெயர் பெயராக எழுதின ஜனத்தொகைக் கணக்கு 1841-ல்தான் ஆரம்பித்தது. அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு 1837-ல். அதற்கு முன்னால் ஒரு ஏழைக் கூலிக்காரன் பெயர் காகிதத்தில் ஏறுவதென்றால் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், அவ்வளவுதான். நடுவில் அவன் என்ன தொழில் செய்தான், எப்படி இருந்தான் என்று சொல்ல இந்தக் கான்ஸ்டபிள் நோட்டை விட்டால் வேறு நாதி இல்லை. பெயர், தொழில், அதற்குப் பக்கத்தில் விலக்குக்கான காரணம். கால் நொண்டி, ஒரு கண் தெரியாது, குட்டை, வலிப்பு வரும், ஏற்கெனவே போய் வந்தவன் என்றெல்லாம் இருக்கும். பாதிரியார், தொழில் கற்றுக்கொள்ளும் பையன், கடலோடி, இவர்களுக்கெல்லாம் விலக்கு உண்டு.

இன்னொரு விலக்கைக் கவனியுங்கள். முறையான கல்யாணத்தில் பிறந்த மூன்று குழந்தைகள் உள்ள ஏழைக்கும் விலக்கு. குடும்பம் தெருவில் நின்றால் ஊர்தானே சோறு போட வேண்டும் என்ற கணக்கு! பிறகு வந்த சட்டங்களில் இந்த எண்ணிக்கை மாறிற்று. ஆனால் 'கல்யாணத்தில் பிறந்த' என்ற வார்த்தையைச் சம்பந்தி அம்மாள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாட்டனார் பெயருக்கு எதிரே இத்தனை குழந்தைகள் என்று எழுதி விலக்குக் கொடுத்திருந்தால், அந்த ஊரே அவளைப் பெண்டாட்டி என்று ஒத்துக்கொண்டது என்றுதான் அர்த்தம். சர்ச் கதவில் ஒட்டின பட்டியலில் பொய் எழுதினால் பக்கத்து வீட்டுக்காரன் விடுவானா? இவன் தப்பினால் சீட்டு அவன் தலையில் அல்லவா விழும்!

ஞானஸ்நானப் பதிவேட்டையும் இன்னொரு தரம் நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் கல்யாணம் ஆகாதவளுக்குப் பிறந்த குழந்தை என்றால் பாதிரியார் சும்மா விடமாட்டார். பெரும்பாலும் அதையும் ஒரு வார்த்தை குறித்தே வைப்பார். அப்பா பெயரும் அம்மா பெயரும் சேர்ந்து, வேறு குறிப்பு ஒன்றும் இல்லாமல் இருந்தால் பாதிப் பழி அங்கேயே போயிற்று.

இப்போது பட்டியல் எங்கே கிடைக்கும் என்று பார்ப்போம். குலுக்கல் முடிந்ததும் வேலை முடிந்தது என்று பல கவுண்டிகளில் தொலைத்துவிட்டார்கள். திருச்சிச் சகோதரியின் சம்பந்தி வீடு ஹார்ட்ஃபோர்ட்ஷயர். அதிர்ஷ்டம்தான்! 1758-லிருந்து 1801 வரை ஊர் ஊராக நிறையப் பட்டியல்கள் அந்தக் கவுண்டியில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் உள்ள கவுண்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கத்திய குடும்ப வரலாற்றுச் சங்கத்தார் ஊர்வாரியாக அச்சுப் போட்டும் இருக்கிறார்கள். ஒரே ஊருக்குப் பல வருஷத்துப் பட்டியல் கிடைத்தால் ஒரு மனுஷனை வருஷா வருஷம் கூடவே நடந்து பார்த்த மாதிரி இருக்கும். பதினெட்டு வயசில் யார் வீட்டிலோ வேலைக்காரன். அப்புறம் தனிக் கூலிக்காரன். அப்புறம் குழந்தைகள். அப்புறம் ஒரு வருஷம் 'நொண்டி' என்று வரும். என்ன ஆச்சோ, வண்டி ஏறிற்றோ, மரத்திலிருந்து விழுந்தானோ என்று நமக்கே மனசு அடித்துக்கொள்ளும். திடீரென்று பெயர் காணாமல் போனால் வயசு தாண்டியிருக்கலாம், ஊர் மாறியிருக்கலாம், செத்திருக்கலாம், படைக்கே போயிருக்கலாம். ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு முடிவு கட்டக் கூடாது.

மற்ற கவுண்டிக்காரர்கள் என்ன செய்வது? ஜெரமி கிப்சன், மெர்வின் மெட்லிகாட் என்ற இருவர், எந்த ஊர் மிலிஷியாப் பட்டியல் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்று ஒரு சின்னக் கைப்புத்தகம் போட்டிருக்கிறார்கள். 1757 முதல் 1876 வரைக்கும் உள்ளது அது. தேட ஆரம்பிக்கும் முன் அதைப் பார்ப்பது நல்லது, வீண் அலைச்சல் மிச்சம். நார்தாம்ப்டன்ஷயருக்கு 1777-ஆம் வருஷத்துப் பட்டியல் அச்சில் இருக்கிறது. பக்கிங்ஹாம்ஷயருக்கு 1798-ல் எடுத்த கணக்கு இருக்கிறது. அது மிலிஷியாக் கணக்கு இல்லை, பிரெஞ்சுக்காரன் வந்து இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று 15 முதல் 60 வயசு வரை ஆண்களை எழுதினது. சுமார் 23,500 பெயர்கள்.

1803-ல் பயம் இன்னும் முற்றிற்று. அப்போது எடுத்த கணக்கில், தாமாக நடந்து தப்ப முடியாத கிழவர்கள், நோயாளிகள், பெண்கள், குழந்தைகளையும் கணக்கெடுத்தார்கள். ஆபத்து என்றால் வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டுமே! ரொட்டி சுடுகிறவன் ஒரு நாளில் எவ்வளவு சுட்டுத் தள்ள முடியும் என்பதையும் கேட்டு எழுதினார்கள். சண்டையென்றாலும் அடுப்புக் கணக்கில் வந்துதான் நிற்கிறது பாருங்கள்.

பட்டியலில் பெயர் இருந்தால் பாட்டனார் படையில் இருந்தார் என்று உடனே எழுதிவிடாதீர்கள். தேடுகிற முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். அது 'போகத் தகுந்தவர்கள்' பட்டியல். போனவர்கள் வேறு. சீட்டு விழுந்தாலும் 10 பவுண்டு கட்டினால் அந்தத் தடவை தப்பிக்கலாம். (நகைக்கடைப் பவுனைப் பத்தால் பெருக்கிப் பயந்துவிடாதீர்கள், இது அந்த ஊர்ப் பணம்!) ஆனாலும் கூலிக்காரனுக்கு அது ஏறக்குறைய அரை வருஷச் சம்பாத்தியம். எங்கே போவான்? இதற்காகவே ஊரில் சில பேர் சேர்ந்து நம்ம சீட்டுப் பணம் மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைப்பார்களாம். சீட்டு விழுந்தவனுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பது. பணம் உள்ளவன் கூலி கொடுத்துப் பதிலாள் பிடிப்பான். அந்தப் பதிலாள் வேறு ஊர்க்காரனாகவும் இருக்கலாம். ஆகவே உங்கள் பாட்டனார் சொந்தக் கவுண்டிப் படையில் இல்லை என்றால் பக்கத்துக் கவுண்டிப் படையில் யாருக்கோ பதிலாளாக நிற்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். சேர்ந்தவர்களின் பட்டியலில் பல இடங்களில் யாருக்குப் பதில் யார் என்று எழுதியிருக்கும்.

ஏழை மட்டும் போக வேண்டும், காசுக்காரன் தப்ப வேண்டும் என்றால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? 1757-லேயே பல ஊர்களில் கலவரம். பட்டியலைப் பிடுங்கிக் கிழித்தார்கள். 1761 மார்ச் 9-ஆம் தேதி வடக்கே ஹெக்ஸம் என்ற ஊரில் குலுக்கலை எதிர்த்துக் கூடின கூட்டத்தின் மேல் வடக்கு யார்க்ஷயர் மிலிஷியாவே சுட்டது. சுமார் 50 பேர் செத்தார்கள். குலுக்கலில் பிடித்த ஆட்களைக் கொண்டே குலுக்கல் வேண்டாம் என்றவர்களைச் சுட்ட கொடுமையை என்னவென்று சொல்ல!

சரி, பாட்டனார் நிஜமாகவே போனார் என்றால் அவரைத் தேட வேண்டிய இடம் லண்டன் பக்கம் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். ரோடு வேலைக்கு ஆள் வைத்தால் நம்ம ஊரில் மஸ்டர் ரோல் போடுவார்களே, அதே வார்த்தை, அதே காகிதம். யுத்த இலாகாக் கட்டுகளில் டபிள்யூ.ஓ. 13 என்ற வரிசையில் 1700-களின் கடைசிப் பகுதியிலிருந்து 1878 வரை மிலிஷியாவின் ஆஜர்ப் பட்டியலும் சம்பளக் கணக்கும் இருக்கின்றன. அதில் பிறந்த ஊர், தாய் தகப்பன் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எவ்வளவு சம்பளம். ஆனால் படை அப்போது எந்த ஊரில் இருந்தது என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். நமக்கு வேண்டியதும் அதுதானே!

ஏனென்றால் 1793-ல் பிரான்சோடு சண்டை ஆரம்பித்ததும், மிலிஷியாக்காரர்களைச் சொந்தக் கவுண்டியில் வைக்கவில்லை. சொந்த ஊர்க்காரன் கலகம் செய்தால் இவன் அடக்குவானா என்ற சந்தேகம். கடற்கரை ஓரமாக ஊர் ஊராக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1813-ல் வெளிவந்த ஜேன் ஆஸ்டனின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' கதையைப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மிலிஷியா வந்து தங்கினதும் ஊர்ப் பெண்களுக்குத் தலைகால் புரியாது. அப்புறம் படை பிரைட்டனுக்குப் போய்விடும். அந்த அம்மாளுக்கு இது கேள்வி ஞானம் இல்லை. அவருடைய அண்ணன் ஹென்றி 1793-லிருந்து ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் மிலிஷியாவில் அதிகாரி. அதே ரெஜிமென்ட் சிப்பாய்கள்தான் 1795 ஏப்ரலில் ரொட்டி விலை தாங்காமல் சஸெக்ஸ் கடற்கரையில் ஸீஃபோர்ட் என்ற ஊருக்குள் புகுந்து மாவைக் கைப்பற்றினார்கள். ஜூன் மாதம் அவர்களில் இரண்டு பேரை நிறுத்திச் சுட்டுவிட்டார்கள். நம்மைப் போல அரிசி விலை பார்த்து வயிறு எரிகிறவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

அப்படி வருஷக் கணக்கில் வெளியூரில் கிடந்த வாலிபன் எங்கே கல்யாணம் செய்துகொள்வான்? தங்கின ஊரில்தான்! சம்பந்தி அம்மாள் தேடியது மாப்பிள்ளை ஊர்ச் சர்ச்சில். கல்யாணம் நடந்திருக்கக்கூடியதோ பெண் வீட்டு ஊரில். 'எங்கிருந்தோ வந்தவள்' என்று ஊர் சொன்னதும் இதனால்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்ம ஊரிலும் வெளியூர்ப் பெண்ணை அவ்வளவு லேசில் ஏற்றுக்கொள்கிறார்களா என்ன?

ஆகவே பாட்டனார் பெயர் இருக்கிற மஸ்டர் ரோலை எடுத்து, முதல் குழந்தை பிறப்பதற்கு முந்தின இரண்டு மூன்று வருஷம் படை எங்கெங்கே தங்கிற்று என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். பிறகு அந்த ஊர்ச் சர்ச்சுகளின் கல்யாணப் பதிவேடு. 1754 மார்ச்சிலிருந்து, யூதர், குவேக்கர் தவிர எல்லாரும் சர்ச்சில்தான் கல்யாணம் செய்ய வேண்டும், அதைத் தனிப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று சட்டம். சர்ச்சில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதையும் எழுதி வைத்தார்கள். மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் இன்ன மிலிஷியாவைச் சேர்ந்தவர் என்று இருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே கிடைத்துவிட்டால் மணப்பெண் போட்ட கையெழுத்தோ கைநாட்டுக் குறியோகூடப் பார்க்கலாம்.

அதுவும் கிடைக்கவில்லை என்றால்? விட்டுவிடாதீர்கள். எனக்கு இதிலே ரொம்பப் பிடித்த காகிதம் ஒன்று இருக்கிறது. புருஷன் சீட்டு விழுந்து படைக்குப் போய்விட்டால் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன சாப்பிடும்? அதற்காக ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து வாராவாரம் ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. சீட்டு விழுந்தவனுக்கும் உண்டு, பதிலாளுக்கும் உண்டு. அந்த ஊரில் ஏழைகளைக் கவனிக்கிற ஓவர்சியர் (ரோடு ஓவர்சியர் இல்லை, ஏழைப் பணக் கணக்குப் பார்க்கிறவர்) கொடுப்பார். குடும்பம் ஓரிடம், புருஷன் சேவகம் வேறு கவுண்டிக்கு என்றால், கொடுத்த பணத்தை அந்தக் கவுண்டியிலிருந்து வசூலிக்க வேண்டும். பணம் திரும்ப வர வேண்டும் என்றால் சும்மா வருமா? இன்ன ரெஜிமென்ட்டில் இன்னாருடைய மனைவி, பெயர் இன்னது, குழந்தைகள் இத்தனை என்று மாஜிஸ்டிரேட் உத்தரவு, ரசீது, கடிதம் எல்லாம் கை மாறும். ஆண்களை எண்ணுவதற்காக ஆரம்பித்த கணக்கில் பெண்கள் பெயர் வந்து உட்காருவது இங்கேதான். 'மனைவி' என்று மாஜிஸ்டிரேட் எழுதிக் கொடுத்த காகிதம் கிடைத்தால், பாட்டியைப் பற்றி அதற்கு மேல் யார் பேச முடியும்? ஊர்ப் பணத்தை அநாவசியமாகக் கொடுக்காத கஞ்சர்கள் அவர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு ஷில்லிங் பெயர்ந்திருக்காது.

இந்தக் காகிதங்கள் முன்பு சர்ச்சில் ஒரு பெரிய மரப்பெட்டியில் பூட்டிக் கிடந்தன. இப்போது பெரும்பாலும் கவுண்டி ஆவணக் காப்பகங்களுக்கு வந்துவிட்டன. கேட்கும்போது 'மிலிஷியா' என்று மட்டும் கேட்டால் எடுத்துத் தரமாட்டார்கள். அந்த ஊர் ஓவர்சியர் கணக்கு, கவுண்டிக் கஜானா கணக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

பிற்காலத்துப் பாட்டனார்களைத் தேடுகிறவர்களுக்கு வேலை சுலபம். 1852-லிருந்து மிலிஷியா தானாகச் சேருகிறவர்கள் படை ஆகிவிட்டது. டபிள்யூ.ஓ. 96 என்ற வரிசையில் 1806 முதல் 1915 வரை உள்ள சேர்க்கைத் தாள்களில் வயசு, பிறந்த ஊர், தொழில், உயரம், கண் நிறம் எல்லாம் இருக்கும். மிலிஷியாவிலிருந்து முழுப் பட்டாளத்துக்கு மாறிக் கடல் தாண்டினவர்களும் உண்டு. சென்னைப் பட்டணம் வரை வந்து இங்கேயே மண்ணாகிப் போனவர்களுக்கு, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் பதிவேடுகளைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டனார் கிடைத்ததும் அப்படித்தான்.

பெயரின் எழுத்து விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். கான்ஸ்டபிள் காதில் விழுந்தபடி எழுதினார். 'ஸ்மித்' ஒரு வருஷம் 'ஐ' போட்டு இருக்கும், அடுத்த வருஷம் 'ஒய்' போட்டு இருக்கும். ஒரே பெயரில் அப்பனும் மகனும் இருந்தால் 'பெரியவர்', 'சின்னவர்' என்று குறிப்பு இருக்கிறதா பார்க்க வேண்டும். கியூவுக்குப் போகும்போது அடையாள அட்டையும் முகவரிக்கு ஒரு சான்றும் கொண்டுபோனால் வாசகர் சீட்டு இலவசமாகத் தருவார்கள். பேனாவை உள்ளே விடமாட்டார்கள், பழைய தாளில் மை பட்டுவிடுமாம். பென்சில் இரண்டு சீவி எடுத்துக்கொண்டு போகட்டும். சம்பந்தி அம்மாளுக்கு வீட்டிலே படித்துக் காட்டலாம், தாளைப் படம் எடுத்துக்கொண்டு வந்து பெரிதாக்கிக் காட்டினால் புரைக் கண்ணுக்கும் அந்தப் பாட்டியின் பெயர் தெரியும்.